பத்தடிக் குடை

ஜூஜுவாடியிலிருந்து லோடு ஆட்டோவில் எட்டுத் துண்டாக வந்து இறங்கியபோது, அது என்ன சாமான் என்று எங்கள் சந்தில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. கோழிக்கூண்டு கட்டப் போகிறார்கள் என்றாள் எதிர்வீட்டுச் செல்லி. ரோஜாத் தோட்டத்துக் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு வந்துவிட்டார்களோ என்று நான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு துண்டும் என் தோளுயரம் இருந்தது. முறத்தை நீட்டிவிட்ட மாதிரி வளைவு, துருப்பிடித்த கம்பி வலை. சென்னப்பண்ணன் யாருக்கும் பதில் சொல்லாமல் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்பக்கம் கொண்டுபோய்ச் சுவரோடு சாய்த்தார். கடைசித் துண்டை வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"குடை" என்றார். "பத்தடிக் குடை. வானத்துலருந்து படம் புடிக்கறது."

நான் அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவன். அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரன். ஓசூருக்கு வந்து பதினொரு வருடமாகிறது. கியர் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி செக்ஷனில் வேலை. தப்புக் கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நீங்கள்தான் என்பாள் என் மனைவி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த விஷயத்தில் இருந்த ஒரே தப்பு பத்து நாள் என் மூக்குக்கு நேராக இருந்தும் என் கண்ணில் படவில்லை. அதைக் கண்டுபிடித்தது, அந்தக் குடை வேலை செய்யவே கூடாது என்று நினைத்திருக்க வேண்டிய ஓர் ஆள்.

சென்னப்பண்ணன் இருபத்தாறு வருடமாக வண்டி பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறார். அவருடைய அப்பா ஜவளகிரியில் அடுத்தவர் காட்டில் ராகி அறுத்தவர். குடும்பத்தில் முதன்முதலில் ஷிப்ட் பேட்ஜ் மாட்டியவர் அண்ணன்தான். மத்திகிரியில் மாட்டுப்பண்ணைச் சுவருக்குப் பின்னால் சின்னதாக ஒரு வீடு கட்டி, என்னை மாதிரி ஒருத்தனை மாடியில் வைத்திருக்கிறார். அவருடைய மனைவி நாராயணம்மா அக்காவுக்குக் கம்பெனி கேண்டீனில் வேலை. ஒரு ஷிப்டுக்கு அறுநூறு பேருக்கு டீ போடும் கை. அந்த வீட்டில் சண்டை தெலுங்கில் நடக்கும், சமாதானம் தமிழில் நடக்கும், கறிக்கடையில் பேரம் கன்னடத்தில் நடக்கும். மூன்றையும் மாடியிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கும் அரைகுறையாக எல்லாம் புரியும்.

ஏழு மாதமாகச் சமாதானம் குறைவு. காரணம் அவர்களுடைய ஒரே மகள் சுசித்ரா.

சுசித்ராவுக்குப் பத்தொன்பது வயது. கபடி ஆடுவாள். இரண்டு வருடம் முன்பு கெலமங்கலத்தில் ஒரு போட்டியில் நாலு பெண்கள் மேலே விழுந்து அவளுக்குக் காறையெலும்பு முறிந்துவிட்டது. அக்கா மூன்று மாதம் வேலைக்குப் போகாமல் அவளுக்குச் சோறு ஊட்டி, தலைவாரி, பக்கத்தில் படுத்து எழுந்தாள். இனி ஆடக்கூடாது என்று பெண்ணிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். கேண்டீன் மேனேஜரிடம் சொல்லி ஒயர் சுற்றுகிற கம்பெனியில் டிரெய்னி வேலையும் பார்த்துக் கொடுத்தாள். சுசித்ரா ஒரு வருடம் ஒயர் சுற்றினாள். பிறகு ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு விளையாட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட்டவர் அண்ணன்.

அக்கா திட்டவில்லை, அழவில்லை. மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். தினமும் சாயங்காலம் ஏழரைக்கு சுசித்ரா அப்பாவைக் கூப்பிடுவாள். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டு, சமையலறைப் பக்கம் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பேசுவார். உள்ளே பாத்திரம் மட்டும் சத்தம் போடும்.

"இவ அவள ஆஸ்பத்திரி கட்டுல்லதான் தம்பி பாத்திருக்கறா. கபடி கோர்ட்டுல நின்னு ஆடறத ஒரு வாட்டிகூடப் பாத்ததில்ல" என்று அண்ணன் என்னிடம் சொன்னார். "ஒரே ஒரு வாட்டி பாத்துட்டான்னா போதும். மனசு மாறிடும். எனக்குத் தெரியும்."

சுசித்ராவின் டீம் ராஞ்சியில் ஓர் அகில இந்தியப் போட்டிக்குப் போகிறது. எட்டு நாள் ஆட்டம். சேனலில் பைனல் மட்டும்தான் போடுவார்கள். போனில் வராதா என்று நானும் கேட்டேன். வராது, விசாரித்துவிட்டேன் என்றார். பிறகுதான் ஜூஜுவாடி சிவராஜ் பேச்சை எடுத்தார்.

சிவராஜ் ஒரு காலத்தில் நானூறு வீட்டுக்குக் கேபிள் இழுத்தவன். இப்போது ஹைவே ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். குடை கடைக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது, அதன் கீழே ஆடுகள் படுத்திருந்தன. கேபிள் போனாலும் அந்தப் பைத்தியம் அவனை விட்டுப் போகவில்லை. துண்டுகளோடு அவனும் ஆட்டோவில் வந்திறங்கி எனக்கு விளக்கினான்.

"சார், மேட்ச் நடக்கற எடத்துல ஒரு வேன் நிக்கும். கேமராவுல புடிக்கற அத்தனையும் அந்த வேன் மேல அனுப்பும். சேட்டிலைட்டு வாங்கித் திருப்பிக் கீழ கொட்டும். சேனல்காரன் அதுல வேணும்ங்கறத எடுத்துப் போடுவான். வேணாங்கறதும் சேர்ந்துதான் கொட்டிக்கினு இருக்கும். பெரிய குடை வெச்சிருக்கறவன் புடிச்சிக்கலாம். அஷ்டே, அவ்ளோதான்."

"பூட்டு இருக்காதா?"

"சிலதுக்குப் பூட்டு. சிலத அப்பிடியே தொறந்து வுட்ருவாங்க. எங்க குரூப்புல இந்தியா பூரா முந்நூறு லூசுங்க இருக்கறம் சார். எந்தப் படம் எங்க உழுதுன்னு ஒருத்தருக்கொருத்தர் நம்பர் அனுப்பிக்குவம். போன வருசம் இதே போட்டி தொறந்துதான் கெடந்துச்சு."

எனக்கு வேடிக்கையாக இருந்தது. நம் தலைக்கு மேலே யாரும் பார்க்காத ஆட்டங்கள் மழை மாதிரி கொட்டிக்கொண்டிருக்கின்றன, ஏந்துவதற்குப் பாத்திரம்தான் இல்லை என்று அவன் சொல்வதை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அன்றைக்கே என் கோணமானியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

மார்கழிப் பனி. காலை ஒன்பது மணிக்கும் மாட்டுப்பண்ணைச் சுவர் தெரியாது. அந்தப் பனியில் அண்ணன் மூன்றடிக் குழி வெட்டி, நாலு அங்குலக் குழாயை நிறுத்தி, ஜல்லி போட்டுக் கட்டினார். குழாய் நூல் பிடித்தாற்போல் நிற்க வேண்டும், ஒரு மயிரிழை சாய்ந்தாலும் வானத்தில் அது ஆயிரம் மைல் என்று சிவராஜ் பயமுறுத்தியிருந்தான். நான் நாலு பக்கமும் மட்டம் வைத்துப் பார்த்தேன். காங்கிரீட் இறுகும்வரை அண்ணன் ஈரச் சாக்கைச் சுற்றி, ஷிப்டுக்குப் போகும்போதும் வரும்போதும் தண்ணீர் ஊற்றினார்.

"எந்தத் திக்குல வெக்கறீங்க?" அக்கா சமையலறைக் கதவிலிருந்து கேட்டாள். கேட்டுவிட்டு, கேட்காததுபோல் பருப்பு டப்பாவைத் துடைத்தாள்.

"தென்கெழக்கு" என்றார் அண்ணன்.

"அக்கினி மூலையில அடுப்பு வெப்பாங்க. இவரு அண்டாவ வெக்கறாரு."

குழாய் இறுகுவதற்குள் அண்ணன் தன் சொந்தக் கலையில் இறங்கிவிட்டார். எட்டுத் துண்டையும் கம்பித்தூரிகையால் தேய்த்து, சிவப்புப் பிரைமர் அடித்து, அதன்மேல் பளபளவென்று சில்வர் பெயிண்ட். அவர் கைக்கு வந்த பொருள் கோட்டிங் இல்லாமல் வெளியே போனதாகச் சரித்திரம் கிடையாது. அந்த வீட்டில் பாத்ரூம் கதவு, கிரைண்டரின் கால், தண்ணீர்த் தொட்டி மூடி, என் சைக்கிளின் பின்சீட்டு எல்லாம் ஒரே சில்வர்.

"நான் ஒரு நிமிசம் அசையாம நின்னன்னா எனக்கும் ரெண்டு கோட்டு அடிச்சிருவாரு" என்றாள் அக்கா என்னிடம்.

குடை அந்தக் காலத்தது, தொண்ணூற்றெட்டு. அதன் நடுவே மூன்று கால் வைத்துத் தூக்கி நிறுத்துகிற மூக்கு, அதாவது குடையில் விழுவதையெல்லாம் வாங்கிக் கம்பியில் அனுப்புகிற சாமான், அதற்குப் பத்து வருடம் இளையது. ஒயர் போன மாதம் மாடிக்கு இன்டர்நெட் இழுத்தவன் விட்டுப்போன மிச்சம். ரிசீவர் பெட்டி போன வாரம் கூரியரில் வந்தது, அதன்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைக்கூட அண்ணன் உரிக்கவில்லை. டிவி மட்டும் பரணிலிருந்து இறக்கிய டப்பா டிவி. இரண்டு பேர் தூக்கவேண்டிய கனம். புதுப் பெட்டியும் பழைய டிவியும் ஒன்றுக்கொன்று பேசுமா என்று எனக்குச் சந்தேகம். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரைச் சொருகியதும் பேசிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை குடையைத் தூக்கிக் குழாயில் மாட்டினோம். நாங்கள் மூன்று பேர், சந்தில் இன்னும் நாலு பேர். பனி விலகி வெயில் பட்டதும் அது பளபளத்தது பாருங்கள், பண்ணையில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் சுவருக்கு மேலே தலை நீட்டினார்கள். சிவராஜ் அண்ணாந்து பார்த்து, "அண்ணா, நான் புதுசா வாங்கனப்பகூட இப்பிடி இல்ல" என்றான். நானும் ஒவ்வொரு நட்டையும் தட்டிப் பார்த்தேன். எங்கள் கம்பெனியில் பாஸான பொருளுக்கு ஒட்டுகிற பச்சை வட்ட ஸ்டிக்கர் ஒன்று என் பையில் இருந்தது. ஏணியில் ஏறி, விளையாட்டாக அந்த மூக்கின் முன்பக்கம், நட்டநடுவில் ஒட்டிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

டிவி திரையில் இரண்டு கோடு. மேல்கோடு சிக்னல், கீழ்கோடு குவாலிட்டி. சிக்னல் எப்போதும் எண்பது. குவாலிட்டி எப்போதும் பூஜ்யம். சிக்னல் எண்பது என்றால் மூக்கு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமாம். குவாலிட்டி பூஜ்யம் என்றால் அந்த மூக்குக்கு ஒன்றும் வாசனை தெரியவில்லை என்று அர்த்தமாம். அண்ணன் குடையை அரை டிகிரி அரை டிகிரியாகத் திருப்புவார். நான் கோணமானியைப் பார்த்துச் சொல்வேன். சிவராஜ் டிவி முன்னால் குந்தியிருந்து, "இல்லண்ணா... இல்லண்ணா..." என்பான்.

திசை தப்போ என்று போனில் காம்பஸைத் திறந்தோம். குழாய்க்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு தெற்கு, நாலு எட்டு தள்ளி வைத்தால் வேறொரு தெற்கு. இரும்பு அதை இழுக்கிறது என்று புரிய எங்களுக்கு ஒரு சாயங்காலம் ஆனது. மறுநாள் உச்சி வெயிலில் குச்சி நட்டு நிழல் பிடித்தோம். அப்படியும் பூஜ்யம். பண்ணைக்குப் பக்கத்து மொபைல் டவர்தான் கெடுக்கிறது என்று சிவராஜ் அதன்மேல் பழி போட்டான். செல்லி வீட்டுத் தென்னை மறைக்கிறதோ என்று அண்ணன் போய்க் கேட்டு இரண்டு மட்டையை வெட்டிவிட்டு வந்தார். செல்லி அந்த மட்டையில் துடைப்பம் கிழித்துக்கொண்டே தினமும் விசாரிப்பாள், "படம் வந்துச்சா?"

ராஞ்சியில் ஆட்டம் தொடங்கிவிட்டது. ஏழரை மணிக்கு போன் வரும்.

"இன்னிக்கு ரெண்டு பாயின்ட்டுப்பா. கோச் நல்லாருக்குன்னு சொன்னாரு."

"அப்பிடியாம்மா! தோளு வலிக்குதா?"

"இல்லப்பா. சூப்பரா இருக்கறன்."

அண்ணன் சமையலறைப் பக்கம் ஓரக்கண்ணால் பார்ப்பார். உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருக்கும். போனை வைத்துவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடி குடையிடம் போவார். அந்த ஒரு வாரத்தில் அவர் கன்னம் ஒட்டிப்போய்விட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

அடுத்த வாரம் புதன்கிழமை அக்கா எங்களுக்கு டீ கொண்டுவந்தாள். டம்ளரை வைத்துவிட்டுப் போகவில்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே குடையை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏன் சிவராஜு, அது இத்தினி ஓட்டையா வலை மாதிரி இருக்குதே. வர்றது பூந்து கீழ போயிடாது?"

"போவாதுக்கா. வர்றது ஓட்டையவிடப் பெருசு."

"கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. உங்க கேண்டீன்ல சோறு சூடு பண்ற பெட்டி இருக்குதில்ல, அதுக்குள்ள ஓடறதும் இதுவும் ஒரே ஜாதி. இது ரொம்ப ரொம்ப சன்னம்."

"சுடாதா?"

"சுடாது."

"குடையில உழுந்து அப்பறம்?"

"இந்த வளைவு இருக்குது பாருங்க, எங்க உழுந்தாலும் திருப்பி அந்த மூக்குக்கே அனுப்பிடும். அது வாயில வாங்கிக்கும்."

அக்கா அந்த மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அவ ஆடறத ஒண்ணும் நான் பாக்கப் போறதில்ல" என்று யாரும் கேட்காமலே சொன்னாள். "ஒரு சாமான் வேல செய்யலன்னா ஏன்னு தெரியாம எனக்குச் சோறு எறங்காது. அதுக்குக் கேட்டன்."

அன்று சாயங்காலம் அவரைக்காய் உரிக்கும்போதும் அவள் வாசலில் உட்காராமல் பின்பக்கப் படியில் உட்கார்ந்து உரித்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம். மறுநாள் கால் இறுதி. தோற்றால் அத்தோடு வண்டியேறிவிடுவார்கள். சிவராஜ் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தான். எனக்கு முதல் ஷிப்ட் முடிந்திருந்தது. அண்ணன் லீவு போட்டிருந்தார். மூன்று பேரும் வாயைத் திறக்காமல் குடையின் கீழே உட்கார்ந்திருந்தோம். இது ஆகாது என்று யார் முதலில் சொல்வது என்பதுதான் மிச்சம்.

அக்கா கேண்டீன் யூனிபார்மைக்கூட மாற்றாமல் நேராகப் பின்பக்கம் வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது.

"சிவராஜு, எங்க பெட்டியில ஓடறதும் இதுவும் ஒரே ஜாதின்னு சொன்ன இல்ல?"

"ஆமாக்கா."

"இன்னிக்கு புதுசா சேந்த ஒரு புள்ள எவர்சில்வர் டிபன் டப்பாவ மூடியோட தூக்கி உள்ள வெச்சிட்டா. பட்டு பட்டுன்னு பொறி பறக்குது. சூப்பர்வைசர் ஓடியாந்து ஆஃப் பண்ணான். தொறந்து பாத்தா உள்ள சோறு சில்லுன்னு கெடக்குது. சில்வர தாண்டி உள்ள போவாதாமே?"

"போவாதுக்கா. அடிச்சித் திருப்பிடும்."

அக்கா மேலே கையைக் காட்டினாள். "அப்ப அந்த வாய எதுக்கு சில்வர் அடிச்சி மூடி வெச்சிருக்கீங்க?"

 சிவராஜ் மெதுவாக எழுந்து ஏணியைப் போட்டு ஏறினான். மூக்கின் முன்பக்கம் குளவி கூடு கட்டாமல் இருக்க ஒரு மூடி இருக்கும். அதை நகத்தால் சுரண்டினான். சில்வர் செதிலாக உதிர்ந்தது. உள்ளே பால் வெள்ளையாக பிளாஸ்டிக்.

"அண்ணா, இதுக்குமா அடிச்ச?"

"ரெண்டு கோட்டு."

"பிளாஸ்டிக்குண்ணா இது! இது வழியாத்தான எல்லாம் உள்ள போவணும்!"

"மங்கிப் போயி அசிங்கமா இருந்துச்சுடா" என்றார் அண்ணன். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "சில்வர்ல அலுமினியப் பொடிதான் கலந்திருக்கும். இருபத்தாறு வருசமா நானே கலக்கறன்" என்றார்.

சிவராஜ் மேலிருந்து என்னைப் பார்த்தான். "சார், அது நட்டநடுவுல உங்க ஓகே ஸ்டிக்கரு."

அக்கா சிரித்த சிரிப்பைச் சொல்ல வேண்டும். படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். செல்லி துடைப்பத்தோடு ஓடிவந்து பார்த்தாள். ஏழு மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. நான் பட்ட அவமானத்துக்கு அதுவே போதும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணன் அவசரமாகத் தின்னரை எடுத்துத் தேய்த்தார். பிளாஸ்டிக் இளகி, அப்பளம் மாதிரி நெளிந்து கையோடு வந்துவிட்டது. அக்கா உள்ளே போய் ஐஸ்கிரீம் டப்பா மூடி ஒன்றைக் கொண்டுவந்தாள். அளவு கச்சிதம். கறுப்பு டேப் போட்டு ஒட்டினோம். இந்தத் தடவை நான் ஸ்டிக்கர் எதுவும் ஒட்டவில்லை.

சிவராஜ் குரூப்பில் வந்த எண்களைப் பெட்டியில் தட்டினான். அண்ணன் குடையை ஒரு விரல் அளவு அசைத்தார். கீழ்கோடு சிவப்பிலிருந்து மஞ்சளானது. இன்னும் அரை விரல். பச்சை. அறுபத்திரண்டு.

"நோடுண்ணா, நோடு!" பார், பார் என்று கன்னடத்தில் கத்தினான் சிவராஜ்.

முதலில் வண்ணப் பட்டைகள். பிறகு ஒரு பெரிய அரங்கம். நாற்காலிகள் காலியாக இருந்தன. ஆட்டம் முடிந்துவிட்டது போலிருக்கிறது. ஒருவன் தரையில் விரித்திருந்த நீல ரப்பர் மேட்டைக் கொம்புத் துடைப்பத்தால் துடைத்துக்கொண்டிருந்தான். பேச்சு இல்லை, பாட்டு இல்லை, எழுத்து இல்லை. துடைப்பம் உரசுகிற சத்தம் மட்டும் சரக் சரக்கென்று மத்திகிரியில் கேட்டது. நாங்கள் நாலு பேரும் வாயைத் திறந்துகொண்டு, அவன் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை துடைத்து முடிப்பதை முழுசாகப் பார்த்தோம். என் வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக வேறெந்தப் படமும் பார்த்ததில்லை.

சனிக்கிழமை மூன்று மணி. டப்பா டிவியைப் பின்பக்கத் தகரக் கூரையின் கீழே ஸ்டூலில் வைத்தோம். அக்கா வரவில்லை. ஊறவைத்த அவரைக்கொட்டையைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து, தோலைப் பிதுக்கிப் பிதுக்கிப் பருப்பை ஒரு தட்டில் போட ஆரம்பித்தாள். அங்கிருந்து பார்த்தால் டிவி நன்றாகத் தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

டீம்கள் ஓடிவந்தன. சிவப்பு பனியன், ஒன்பதாம் நம்பர்.

"சுசித்ரா!" அண்ணன் எழுந்தே விட்டார். "நாராயணம்மா, இங்க பாரு, எளச்சிட்டாளா, இல்ல வளந்துட்டாளா?"

பிதுக்கும் சத்தம் நின்றது. 

சுசித்ரா குதித்தாள், குனிந்து காலைத் தொட்டாள், எல்லோரோடும் வட்டமாக நின்று கத்தினாள். விசில் ஊதியது. ஏழு பேர் மேட்டில் நின்றார்கள். அவள் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஏன் அவ உக்காந்துக்கறா?" வாசற்படியிலிருந்து கேள்வி வந்தது.

"ஏழு பேருதான்க்கா ஆட முடியும். மிச்சப் பேரு மாத்து ஆளுங்க. அப்புறமா எறக்குவாங்க" என்றேன் நான்.

எறக்கவில்லை. பத்து நிமிடம் ஆனது, பதினைந்து ஆனது. எதிர் டீம் நாலு புள்ளி முன்னால் போனது. அண்ணன், "இப்ப எறக்குவான் பாரு" என்று மூன்று தடவை சொன்னார். நாலாவது தடவை சொல்லவில்லை.

முதல் பாதி முடிந்தது. சேனலில் என்றால் இந்த நேரத்தில் விளம்பரம் ஓடும். பல்பொடியும் சிமெண்டும் காட்டுவார்கள். இங்கே அதெல்லாம் கிடையாது. கேமராக்காரன் கேமராவை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான் போலிருக்கிறது. அது சுசித்ரா டீமின் பெஞ்சைப் பார்த்து நின்றது. ஊரில் யாரும் பார்க்கக்கூடாத ஒன்றை ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற மாதிரி எங்களுக்கு ஒரு கூச்சம். ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஆடிய ஏழு பேரும் வேர்க்க விறுவிறுக்க வந்தார்கள். சுசித்ரா எழுந்து ஒவ்வொருத்திக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்தாள். துண்டு கொடுத்தாள். ஒருத்திக்கு முழங்கால் பட்டையை இழுத்துக் கட்டினாள். பதினோராம் நம்பர் போட்டவள் முகத்தைத் துடைத்துத் துண்டை அப்படியே வீசினாள். அது சுசித்ராவின் தோளில் விழுந்தது. அவள் அதை எடுத்து மடித்துப் பெஞ்சில் வைத்தாள். பிறகு கோச்சுக்குப் பக்கத்தில் போய் நின்று, இரண்டு முறை குதித்து, கையை உதறிக் காட்டினாள். நீலச் சட்டை போட்ட அந்த ஆள் அவளுக்குப் பின்னால் நின்றவளிடம் ஏதோ சொன்னார். சுசித்ரா திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தாள், மூடினாள். திறந்தாள், மூடினாள். குடிக்கவில்லை.



"தெனமும் ரெண்டு பாயின்ட்டுன்னு சொன்னாளே" என்றார் அண்ணன், டிவியைப் பார்த்தபடியே. நானும் சிவராஜும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம். அவர் இந்தக் குடையை நட்டது இதைக் காட்டுவதற்கு இல்லை. கையிரண்டையும் தொடைக்கு நடுவில் சொருகிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை.

டங்கென்று ஒரு சத்தம். அவரைக்கொட்டைக் கிண்ணம் கவிழ்ந்து படியெல்லாம் உருண்டது. அக்கா டிவிக்கு எதிரில் வந்து நின்றாள்.

"யாருடா அவன் நீலச்சட்டக்காரன்? கண்ணு அவிஞ்சா போச்சு? என் பொண்ணு எதிர்லயே நிக்கறா, தெரியல?" திரையை விரலால் தட்டினாள். "எறக்குடா அவள! துண்டு மடிக்கவா நான் பெத்து அனுப்புனன்?"

செல்லி சண்டை என்று நினைத்து ஓடிவந்தாள். யாரோடு சண்டை என்று அவளுக்குப் புரியவில்லை. அக்கா இரண்டாம் பாதி முழுதும் நின்றுகொண்டே பார்த்தாள். கேமரா மேட்டைக் காட்டும்போது அவள் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தாள், ஓரத்தில் பெஞ்சு தெரியாதா என்று. யார் யாரைத் தொட்டார்கள், யார் வெளியே போனார்கள் என்பதெல்லாம் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. சுசித்ராவின் டீம் ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தது. எல்லோரும் ஓடி மேட்டில் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தார்கள். கடைசியாக ஓடியவள் சுசித்ரா. பிறகு வண்ணப் பட்டைகள் வந்துவிட்டன.

பிதுக்குப் பருப்புக் குழம்பும் களியும் எங்களுக்கும் சேர்த்துத்தான் செய்தாள் அக்கா. சாப்பிடும்போது யாரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. ஏழரைக்கு போன் அடித்தது. அண்ணன் வழக்கம்போல் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா! ஜெயிச்சிட்டம்ப்பா! நாளைக்கி செமி பைனல்!"

"சந்தோசம்மா."

"நான் இன்னிக்கு மூணு பாயின்ட்டுப்பா. கடைசி பாயின்ட்டு நான்தான்."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். "அப்பிடியாம்மா" என்றார். 

அக்கா களி ஒட்டிய கையோடு எழுந்து வந்து, இடது கையால் போனை எடுத்தாள்.

"அந்தப் பதினோராம் நம்பர்காரி யாருடி?"

மறுமுனையில் பெண்கள் கூச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "அம்மா?" என்று ஒரு குரல்.

"துண்டத் தூக்கி உன் மேல வீசறா. நீயும் எடுத்து மடிச்சி வெக்கற. உனுக்கு வாயில்ல?"

"யாரும்மா உன்கிட்ட சொன்னது?"

"யாரும் சொல்லல. நான் பாத்தன். ஒரு பாட்டில வெச்சிக்கினு மூடிய தொறந்து தொறந்து மூடினு இருந்த பாரு, அதையும் பாத்தன்."

"டிவியிலயே போடலியேம்மா..."

"உங்கப்பன் பத்தடிக்குக் குடை நட்டு வெச்சிருக்கறாருடி."

போனில் அழுகை கேட்டது. முதலில் அடக்கி, பிறகு அடக்காமல். அண்ணன் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அக்கா அழுகை ஓயும்வரை காத்திருந்தாள்.

"அழாத. அவன் எறக்கனா எறக்கறான், எறக்காட்டிப் போறான். நாளைக்கும் மூணு மணிக்கு நான் உக்காந்திருப்பன். பெஞ்சுலயே இருந்தாலும் பாப்பன்டி. அப்பாகிட்ட பாயின்ட்டு கணக்கெல்லாம் சொல்லாத, புரியுதா?"

"ம்."

"சரி, வெக்கறன். கை காயுது."

"வெச்சிடாதம்மா. கொஞ்ச நேரம் இரு. பேசலன்னாலும் பரவால்ல, வெச்சிடாத."

அக்கா வைக்கவில்லை.